மாணவனாகவே வாழ்ந்த ஆசிரியர்

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், நினைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு அன்பர்கள் பணித்தனர். பத்தாண்டு என்ற சொல்லைக் கேட்டவுடன் என் நினைவில் எழுந்தது மற்றொரு சங்கத்தின் பத்தாண்டு. 1888-ஆம் ஆண்டு மாஸ்கோ நகரில் கலையார்வம் கொண்ட சிலர் ஒன்றுகூடிக் ‘கலை இலக்கியச் சங்கம்’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். அவர்களுட் பலர் பகலில் தத்தம் தொழிலைக் கவனித்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வந்தவர்கள். பணமுடை அச்சங்கத்தைத் தொடர்ந்து வருத்திற்று. எனினும் அவர்கள் கலைந்துவிடவில்லை. சரியாகப் பத்தாண்டுகள் கழித்து, 1898-இல், அச்சங்கத்தின் தேர்ந்த நடிகர்களும் ஒரு நாடகப் பள்ளியின் மாணவர்களும் இணைந்து புதியதோர் அரங்கை உருவாக்கினர். இருபதாம் நூற்றாண்டின் நடிப்புக் கலையையே மாற்றியமைத்த மாஸ்கோ கலை அரங்கு அதுவாகும்.

அச்சங்கத்துக்கு உயிர்நாடியாகவும், அவ்வரங்கை நிறுவிய இருவருள் ஒருவராகவும் விளங்கியவர் கான்ஸ்டாண்டின் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி (1863–1938). நடிகர், இயக்குநர், ஆசிரியர் என மூன்று நிலைகளிலும் பெரும்புகழ் பெற்றவர். ஆனால் வாழ்நாள் முழுவதும் அவரை உறங்கவிடாமல் துரத்தியது ஒரே ஒரு வினாதான். படைப்பெழுச்சி சில நாள்களில் தானே வந்து கைகொடுக்கிறது. பல நாள்களில் வருவதில்லை. வராத நாளில் கலைஞன் என்ன செய்வது?

இது நடிகனுக்கு மட்டும் உரிய வினா அன்று. எழுதுகோலை எடுத்து வைத்துக்கொண்டு வெற்றுத்தாளின் முன் அமர்ந்திருந்த கவிஞர் ஒவ்வொருவரும் இதனை எதிர்கொண்டிருப்பர். ஆகவே, அவ்வினாவுக்கு விடை தேடியே தம்மை வளர்த்துக்கொண்ட ஒரு மனிதரின் வரலாற்றை இங்கே சுருங்கக் கூற முற்படுகிறேன்.

சரிகை வணிகர் வீட்டுப் பிள்ளை

அவருடைய இயற்பெயர் கான்ஸ்டாண்டின் செர்கேயெவிச் அலெக்ஸேயெவ். பொன்னாலும் வெள்ளியாலும் சரிகை நூல் இழைக்கும் ஆலைகளை உடைய செல்வக் குடும்பம் அவருடையது. குடும்பத்தின் நாட்டுப்புற மாளிகையில் தந்தையார் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிறு நாடக அரங்கம் அமைத்துக் கொடுத்தார். 1877-ஆம் ஆண்டு செப்டம்பரில், பதினான்காம் வயதில், அவர் அங்கே மேடையேறினார்.

அன்று நிகழ்ந்தது மனங்கொள்ளத்தக்கது. மேடையில் நின்றபோது தமக்குள் ஏதோ பொங்கி எழுந்ததாக அவர் உணர்ந்தார். அற்புதமாக நடித்துவிட்டோம் என்று எண்ணினார். ஆனால் பார்த்தவர்களோ, அவர் பேசிய வேகத்தில் ஒரு சொல்லும் விளங்கவில்லை என்றனர். கலைஞன் உள்ளே உணர்வது வேறு, அவன் படைத்துத் தருவது வேறு என்னும் முதற்பாடம் அது. எழுதுகையில் கண்ணீர் மல்க எழுதிய பாடல், மறுநாள் படிக்கையில் வெறுஞ்சொற்களாய்க் கிடப்பதைக் கண்ட கவிஞர்க்கு இப்பாடம் புதிதன்று. அந்நாள் முதற்கொண்டு அவர் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, தாம் நடித்தவற்றில் எது மெய், எது பொய் என்று தம்மைத் தாமே விசாரித்து எழுதலானார். அவ்வழக்கம் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

குடும்பப் பெயருக்கு மேடையால் இழுக்கு வந்துவிடலாகாது என்னும் கவலையால், இளமையிலேயே ஸ்தனிஸ்லாவ்ஸ்கி என்னும் பெயரைப் புனைந்துகொண்டார். பகலில் ஆலை நிருவாகம், இரவில் நாடகம். 1885-இல் முறையான நாடகப் பள்ளியொன்றில் சேர்ந்தார். சில வாரங்களிலேயே வெளியேறினார். ஆசிரியர்கள் நடித்துக் காட்டியதை மாணவர் அப்படியே திருப்பிச் செய்ய வேண்டும். அதுவே அங்குக் கற்பித்தல். என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார்களேயன்றி, எங்ஙனம் செய்வது என்பதை அவர்களால் சொல்ல முடியவில்லை. அந்த ‘எங்ஙனம்’ என்பதே பிற்காலத்தில் அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சியாயிற்று.

சொல்லாமற் சொல்லிக் கொடுத்த ஆசான் ஒருவர் மட்டும் அவருக்கு அந்நாளில் வாய்த்தார். இத்தாலிய நடிகர் தொம்மாசோ சால்வினி மாஸ்கோவில் ஒதெல்லோவாக நடித்ததை அவர் கண்டார். அம்மாபெரும் நடிகர், நாடகம் உள்ள நாள்களில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் முன்னதாகவே அரங்குக்கு வந்துவிடுவாராம். ஒப்பனை சிறிது செய்வார். வெறும் மேடையில் உலவுவார். மீண்டும் ஒப்பனை அறைக்குச் செல்வார். இவ்வாறு படிப்படியாக ஒதெல்லோவின் உள்ளத்துக்குள் நுழைவார். இறைவன் அளித்த ஆற்றல் நிறைந்தவருக்கே இத்தனை ஆயத்தம் வேண்டுமெனில், நம்மைப் போன்றோர்க்கு எத்துணை வேண்டும் என்று இளைஞர் எண்ணினார். அவ்வெண்ணம் பல ஆண்டுகள் விதையாகவே கிடந்தது.

புகழும் அதன் நிழலும்

1897-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள், நாடகாசிரியர் விளாதிமிர் நெமிரோவிச் தான்சென்கோவும் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் மாஸ்கோவின் உணவகமொன்றில் நண்பகலுக்குப் பின் சந்தித்துப் பேசத் தொடங்கினர். பேச்சு முடியும்போது மறுநாட் காலை. பதினெட்டு மணி நேரம் கடந்திருந்தது. அவ்வுரையாடலில் கருக்கொண்ட அரங்கு 1898 அக்டோபரில் திறக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில், இரண்டாண்டுகளுக்கு முன் பீட்டர்ஸ்பர்க்கில் படுதோல்வி கண்ட செகாவின் ‘கடற்பறவை’ நாடகம் அம்மேடையில் உயிர்த்தெழுந்தது. பறக்கும் கடற்பறவையே அவ்வரங்கின் சின்னமாயிற்று.

ஆனால் அந்நாளைய ஸ்தனிஸ்லாவ்ஸ்கி பிற்காலத்தில் நாம் அறிகின்ற ஆசிரியர் அல்லர். நடிகர் எங்கே நிற்பது, எப்போது திரும்புவது, எத்தனை நொடி மௌனம் காப்பது என அனைத்தையும் முன்னரே எழுதிவைத்துவிட்டு ஒத்திகைக்கு வருவார். நடிகர் அதன்படி நடக்க வேண்டும். பின்னாளில் தம்மைக் கொடுங்கோல் இயக்குநராக அவரே ஒப்புக்கொண்டார். ‘கடற்பறவை’க்கு நுணுக்கமான மேடைத்திட்டம் எழுதியபோதே, அந்நாடகம் தமக்கு விளங்கவில்லை என்பதையும் மறையாது பதிவு செய்திருக்கிறார்.

அந்நாடகத்தில் திரிகோரின் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளராக அவரே நடித்தார். அழகிய வெள்ளுடை அணிந்து மிடுக்காகத் தோன்றினார். நாடகத்தைப் பார்த்த செகாவ் நெடுநேரம் விளக்கம் சொல்லவில்லை. அவனுடைய காலணி கிழிந்திருக்க வேண்டும், கால்சட்டை கட்டம் போட்டிருக்க வேண்டும் என்று மட்டும் கூறினார். அச்சொற்களின் பொருள் நடிகருக்கு உடனே புலப்படவில்லை. நெடுநாள் கழித்தே புலப்பட்டது. புகழ்பெற்றவன் என்பதாலேயே ஒரு பெண் தன் உள்ளத்தில் காவியம் சமைத்துக்கொள்கிறாள்; நெருங்கிப் பார்த்தாலோ அவன் கிழிந்த காலணி அணிந்த எளிய மனிதன். துயரம் அங்கேதான் இருக்கிறது. ஒரு குறிப்பைப் புரிந்துகொள்ளப் பன்னாள் ஆயிற்று என்று எழுதும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு?

1900-இல் இப்சனின் ‘மக்களின் பகைவன்’ நாடகத்தில் மருத்துவர் ஸ்டாக்மனாக நடித்தார். உண்மையின்பாற் கொண்ட காதலால் ஊரே எதிர்த்தும் தளராத அம்மருத்துவர், தேடாமலே அவருக்குள் குடிபுகுந்தார். கிட்டப்பார்வை, முன்னே சாய்ந்த உடல், விரைந்த நடை, பேசும்போது நீட்டிய இரண்டு விரல்கள் என எல்லாம் தாமே வந்து அமைந்தன. 1901 மார்ச்சில் அரங்கினர் பீட்டர்ஸ்பர்க் சென்றிருந்தனர். அன்று பகலில் அந்நகரின் கசான் சதுக்கத்தில் ஆர்ப்பாட்டம் நிகழ்ந்து, கூடியவர்கள் தாக்கப்பட்டனர். மாலையில் நாடகம். உண்மைக்காகப் போராடப் புறப்படுகிறவன் புத்தாடை உடுத்திச் செல்லலாகாது என்னும் பொருள்பட ஸ்டாக்மன் பேசியபோது அவையே அதிர்ந்தது. பார்வையாளர் மேடையை நோக்கிக் கைகளை நீட்டியவாறு பாய்ந்து வந்தனர், நாடகம் நின்றது. ஒரு நடிகனுக்கு இதனினும் பெரிய பேறு வேறென்ன வேண்டும்?

பாறைமீது ஒரு கோடை

1904-இல் செகாவ் மறைந்தார். மறு ஆண்டு நாட்டில் புரட்சி வெடித்து அடங்கியது. புதுமுயற்சியாகத் தொடங்கிய ஒரு நாடகக் கூடம் திறக்கப்படாமலே மூடப்பட்டது. 1906-இல் அரங்கு ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டு பெரும் பாராட்டுகளுடன் திரும்பிற்று. அவ்வாண்டுக் கோடையில் ஓய்வுக்காக ஸ்தனிஸ்லாவ்ஸ்கி பின்லாந்து சென்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று, புகழின் உச்சி.

அங்கே கடலை நோக்கிய பாறைமீது அமர்ந்து, நாள்தோறும் தம் கலைவாழ்வைத் திரும்பிப் பார்த்தார். மற்றவர் மாலை சூட்டிக்கொண்டிருந்த அந்நேரத்தில் அவர் கண்டது அச்சமூட்டுவது. தம் நடிப்பு செத்துவிட்டது என்பதே அது. ஸ்டாக்மனின் விரல்கள் இன்னும் நீள்கின்றன. நடை இன்னும் விரைகிறது. கண்கள் இன்னும் சுருங்குகின்றன. ஆனால் அவற்றைப் பிறப்பித்த உள்ளம் எங்கே? ஆழ்ந்து எண்ணியபோது, அவ்விரலும் நடையும் தாம் என்றோ வாழ்வில் கண்டு மறந்த மனிதர்களிடமிருந்து தம்மை அறியாமல் வந்தவை என்று தெளிந்தார். அம்மனிதர்களின் நினைவும், உண்மையின்மீது அன்று தமக்கிருந்த வேட்கையும் அடியில் ஊற்றாக இருந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல ஊற்று வறண்டது. கிணற்றின் கட்டுமானம் மட்டும் எஞ்சியது. அவர் கட்டுமானத்தையே இரவுதோறும் மக்களுக்குக் காட்டிக் கைத்தட்டல் பெற்றுக்கொண்டிருந்தார்.

படைப்பாளியின் வாழ்வில் இதனினும் இடர் மிகுந்த கட்டம் வேறில்லை. தோல்வியுற்றவனைத் திருத்த உலகமே இருக்கிறது. வெற்றி பெற்றுத் தேய்கின்றவனைத் திருத்த அவனைத் தவிர ஒருவருமில்லை. நமக்குப் பேர் வாங்கித் தந்த உவமை, அவையைக் கவர்ந்த சொல்லடுக்கு, கேட்போர் எதிர்பார்க்கின்ற முடிப்பு ஆகியவற்றை நாமும் ஸ்டாக்மனின் விரல்களாக நீட்டிக்கொண்டிருக்கவில்லையா? இவ்வினாவை எனக்கே விடுத்துக்கொண்டுதான் இங்கு எழுதுகிறேன்.

மண்ணைப் பண்படுத்தும் முறை

மாஸ்கோ திரும்பியவர் தம்மையே முதல் மாணவனாகக் கொண்டு ஆராயத் தொடங்கினார். அகவெழுச்சி கட்டளைக்கு வருவதன்று. அதனை நேரே அழைத்தால் ஓடி ஒளியும். ஆனால் அது விரும்பி வரும் சூழலை அமைத்துத் தர முடியுமா? மழையைப் பெய்விக்க உழவனால் இயலாது. நிலத்தை உழுது வைக்க இயலும். அவர் ‘முறை’ என்று பெயரிட்டது இவ்வுழவையே.

உடலின் தேவையற்ற இறுக்கத்தைத் தளர்த்துதல், கவனத்தை ஒருமுகப்படுத்துதல், நாடகம் தருகின்ற சூழ்நிலையை முழுமையாகக் கற்பனை செய்தல், ‘இச்சூழலில் நான் இருப்பேனாயின் என்ன செய்வேன்’ என்று வினவுதல், தம் வாழ்வின் உணர்ச்சி நினைவுகளைத் தட்டி எழுப்புதல் ஆகியன அவர் கண்ட படிகள். இவற்றுள் ‘இருப்பேனாயின்’ என்னும் சொல் அவருக்கு மந்திரம் போன்றது. நான் ஹாம்லெட் என்று நம்புமாறு நடிகனை அது வற்புறுத்துவதில்லை. ஒரு கதவை மட்டும் திறந்து வைக்கிறது.

அவர் எழுதிய நூலில் வரும் ஒரு வகுப்பறைக் காட்சி இதனை இனிது விளக்கும். மேடைத் திரையில் செருகிய ஊசியணி ஒன்றைத் தேட வேண்டும். கிடைக்காவிடில் படிப்பைத் தொடர வழியில்லை என்னும் சூழ்நிலை மரியா என்னும் மாணவிக்குத் தரப்படுகிறது. அவள் தலையைப் பற்றிக்கொள்கிறாள், அங்குமிங்கும் ஓடுகிறாள், நெஞ்சில் அடித்துக்கொள்கிறாள். மிக நன்றாக நடித்ததாக மகிழ்ந்து வந்து அமர்கிறாள். ஆசிரியர் ஊசியணி எங்கே என்று கேட்கிறார். தேட மறந்துவிட்டாள்! மீண்டும் தேடுமாறும், கிடைக்காவிட்டால் பள்ளியை விட்டே போக நேரும் என்றும் சொல்கிறார். இம்முறை அவள் ஓடவில்லை, அழவில்லை. திரையின் மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறாள். பார்த்திருந்த அனைவரும் மூச்சை அடக்கிக்கொள்கின்றனர். துயரத்தைக் காட்ட முற்பட்டபோது துயரம் வரவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தபோது தானே வந்தது. துயரம் என்ற சொல்லையே பத்து முறை எழுதியும் துயரம் தோன்றாத கவிதைகளை நாம் அறிவோம். அங்கும் ஊசியணி தேடப்படவில்லை.

நம் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைப் பெயரிட்டு நிறுத்தவில்லை. ஒவ்வொன்றும் பிறக்கும் களம் நான்கு நான்காக வகுத்துரைத்தார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன களங்கள். ஸ்தனிஸ்லாவ்ஸ்கி நம் நூலை அறிந்தவரல்லர். ஒன்றிலிருந்து ஒன்று வந்ததென்று கூறுவது பிழையாகும். ஆயினும் உணர்ச்சியை நாடாதே, அது பிறக்கும் களத்தை நாடு என்னும் தெளிவு இரண்டிடத்தும் காணப்படுவது எண்ணி மகிழத்தக்கது.

அவருக்கு இந்தியத் தொடர்பு மெய்யாகவே ஒன்று உண்டு. 1911 முதல் ‘யோகி ராமசாரகா’ என்ற பெயரில் வெளிவந்த யோக நூல்களை அவர் கற்றார். அப்பெயருக்குப் பின் இருந்தவர் வில்லியம் வாக்கர் அட்கின்சன் என்னும் அமெரிக்கர். நூலின் பிறப்பிடம் எதுவாயினும், உடல் தளர்வு, மூச்சு, ஒருமுகப்பாடு பற்றிய பயிற்சிகள் அவருக்குப் பயன்பட்டன. ‘பிராணன்’ என்னும் சொல்லையே தம் மாணவர்க்கான பயிற்சிகளில் வழங்கினார். சோவியத் ஆட்சியின் பிற்காலத்தில் இத்தகைய சொற்கள் அச்சில் இடம்பெறாமல் மறைந்தன.

இம்முறையை அவர் அரங்கின் மூத்த நடிகர்கள் எளிதில் ஏற்கவில்லை. புகழ் பெற்றபின் மீண்டும் அரிச்சுவடி எழுத எவர்தாம் உடன்படுவர்? 1909-இல் துர்கேனிவின் ‘கிராமத்தில் ஒரு திங்கள்’ நாடகத்தை முதன்முறையாக இம்முறைப்படி முழுமையாக உருவாக்கியபோது, தலைமை நடிகையும் செகாவின் துணைவியாருமான ஓல்கா நிப்பர் ஒத்திகையில் மனமுடைந்து அழுதார். இயக்குநர் அவருக்கு ஆறுதலும் வழிகாட்டுதலும் நிறைந்த மடல் எழுதி அனுப்பினார். முன்பு கட்டளையிட்டவர் இப்போது மடல் எழுதுகிறார் என்பதில் அவருடைய வளர்ச்சி தெரிகிறது.

மூத்தோரின் மனத்தடையை உணர்ந்து, 1912-இல் இளையோர்க்கென முதற் பயிலகத்தைத் தொடங்கினார். அதன் பொறுப்பை டால்ஸ்டாயின் அன்பரான லியோபோல்ட் சுலெர்ழீட்ஸ்கி ஏற்றார். வாக்தாங்கவ், செகாவின் அண்ணன் மகன் மைக்கேல் செகாவ், போலெஸ்லாவ்ஸ்கி முதலியோர் அங்குப் பயின்றவர்கள். ஒவ்வொருவரும் ஆசிரியரின் நகலாகாமல் தத்தம் வழியில் வளர்ந்தது அப்பயிலகத்தின் பெருமை.

ஆசான் தோற்ற நாள்

ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் வாழ்வில் என்னை மிகவும் உலுக்கிய நிகழ்ச்சி 1917-இல் நடந்தது. தாஸ்தாயெவ்ஸ்கியின் ‘ஸ்டெபான்சிகோவோ கிராமம்’ என்னும் புதினத்தை, 1891-இல் கலை இலக்கியச் சங்கத்தின் மேடையில் அவர் நாடகமாக்கியிருந்தார். அதில் வெள்ளையுள்ளம் படைத்த கர்னல் ரோஸ்தானெவாக நடித்தபோது, தாமும் பாத்திரமும் ஒன்றேயான பேரின்பத்தை முதன்முறையாக எய்தியதாகப் பின்னர் எழுதினார். கால் நூற்றாண்டு கழித்து, கலை அரங்கில் அதே கதை. அவருக்கு அதே பாத்திரம். இப்போது அவரிடம் முறை இருந்தது, அறிவு இருந்தது, ஓராண்டுக்கு மேற்பட்ட ஒத்திகை இருந்தது. வராதது ரோஸ்தானெவ் மட்டுமே.

1917 மார்ச்சில் முழு ஒப்பனையுடன் ஒத்திகை நடந்தது. மேடையேறும் முன்பு அவர் திரைமறைவில் நின்று கண்ணீர் வடித்ததைச் சக நடிகர்கள் கண்டனர். அதன்பின் நெமிரோவிச் தான்சென்கோ அப்பாத்திரத்தை அவரிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் அளித்தார். அவ்வரங்கை நிறுவியவர், உலகுக்கே நடிப்பு கற்பித்தவர், தம் மாணவர்கள் முன்னிலையில் பாத்திரத்தை இழந்தார். அவர் வழக்காடவில்லை, முடிவுக்குப் பணிந்தார். அப்போது வயது ஐம்பத்து நான்கு. அதன்பின் புதிய நாடகம் எதிலும் அவர் புதுப்பாத்திரம் படைக்கவே இல்லை.

முறை தெரிந்தவனுக்கும் எழுச்சி வராமற் போகலாம் என்பதற்கு முறையை வகுத்தவரே சான்றானார். நிலத்தை எவ்வளவு உழுதாலும் மழை பொய்க்கும் ஆண்டு ஒன்று உண்டு. இதனால் அவருடைய முறை பொய்த்தது என்று கூறலாமா? நான் அவ்வாறு கருதவில்லை. எழுச்சிக்கு உறுதிமொழி தருவதாக அவர் என்றும் கூறியதில்லை. அன்றியும், ஒருவன் கற்பிக்கத் தகுதி பெறுவது வெற்றிகளால் மட்டுமன்று. தோற்ற மறுநாள் அவர் ஒத்திகைக் கூடத்தை வெறுத்து ஒதுங்கியிருந்தால் உலகம் அவரைக் குறை கூறியிராது. அவரோ 1918-இல் மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கப் பாடகர்களுக்கென ஒரு பயிலகம் தொடங்கி, அரிச்சுவடியிலிருந்து கற்பிக்கலானார். புரட்சியில் ஆலைகளும் செல்வமும் போயின. அந்நாளிலும் கற்பித்தல் நிற்கவில்லை.

இரு பெயர், ஒரு மனிதர்

1922 முதல் 1924 வரை அரங்கினர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பயணம் செய்தனர். அப்பயணத்தின்போது ‘கலையில் என் வாழ்க்கை’ என்னும் தன்வரலாற்றை அவர் எழுதினார். காசநோயுற்ற மகனின் மருத்துவச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டதும் அதற்கொரு காரணம். 1924-இல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வெளிவந்த அந்நூல் அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஊர் திரும்பியதும் பெரிதும் திருத்தி எழுதி, 1926-இல் ரஷ்ய மொழியில் வெளியிட்டார்.

1928 அக்டோபர் 29 அன்று அரங்கின் முப்பதாம் ஆண்டு விழா. ‘மூன்று சகோதரிகள்’ நாடகத்தின் முதல் அங்கத்தில் வெர்ஷினினாக நடித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. வலியைத் தாங்கிக்கொண்டு அங்கத்தை முடித்த பின்னரே சரிந்தார். அத்துடன் நடிப்பு வாழ்வு முடிந்தது. எஞ்சிய பத்தாண்டுகளை எழுத்திலும் கற்பித்தலிலும் கழித்தார். அவற்றின் பெரும்பகுதி மாஸ்கோவின் லியோந்தியெவ் சந்தில் இருந்த வீட்டிலேயே கழிந்தது.

அக்காலத்தில் எழுதிய நடிப்பு நூலின் அமைப்பு சிந்திக்கத்தக்கது. ஆசிரியர் உரைக்கும் இலக்கணமாக அதனை அவர் எழுதவில்லை; ஒரு மாணவனின் நாட்குறிப்பாக எழுதினார். ஆசிரியர் தோர்த்சோவ் அவருடைய முதிர்ந்த உருவம். தவறு செய்து, நாணி, மீண்டும் முயலும் அம்மாணவனின் பெயர் கோஸ்த்யா. ரஷ்ய மொழியில் கோஸ்த்யா என்பது கான்ஸ்டாண்டின் என்பதன் செல்லப்பெயர். எழுபது வயதைக் கடந்த ஆசான், தம் நூலில் தம் சொந்தப் பெயரை ஆசிரியனுக்குச் சூட்டாமல் மாணவனுக்குச் சூட்டினார். இதனினும் சிறந்த தற்குறிப்பு வேண்டுமோ?

அவர் வெறும் பணிவுக்காக அவ்வாறு செய்யவில்லை. கடைசிவரை தம் முடிவுகளைத் தாமே மாற்றிக்கொண்டார். உணர்ச்சி நினைவுகளைக் கிளறுவது நடிகரைத் தம்முள்ளேயே மூழ்கடிக்கக்கூடும் என்று கண்டபின், உடற்செயலிலிருந்து உள்ளத்துக்குச் செல்லும் வழியை வலியுறுத்தலானார். சினத்தை வரவழைக்க இயலாது. ஆனால் கதவைத் தாழிடலாம், கடிதத்தை ஒளிக்கலாம். செயல் மெய்யானால் சினம் பின்தொடரும். 1934-இல் அமெரிக்க நடிகை ஸ்டெல்லா அட்லர் பாரிசில் அவரைச் சந்தித்துச் சில வாரங்கள் பயின்றார். தம் நாட்டில் அவருடைய பழைய பாடத்தை மறைமொழி போலப் போற்றிக்கொண்டிருக்க, அவரோ அதனைக் கடந்து வெகுதொலைவு சென்றுவிட்டதை அட்லர் கண்டார். சீடர்கள் நின்ற இடத்தில் ஆசிரியர் இல்லை.

மாறாக, அவர் நாட்டின் அரசோ அவருடைய தேடலைச் சட்டமாக்கிற்று. 1930-களில் அவர் பெயரைக் காட்டியே ஏனைய நாடக நெறிகள் ஒடுக்கப்பட்டன. அந்நெறிகளுள் ஒன்றன் தலைவர் மேயர்ஹோல்ட். 1898-இன் ‘கடற்பறவை’யில், புதுவடிவம் தேடும் இளைஞனாக நடித்தவர் அவரே. பின்னர் ஆசிரியரைப் பிரிந்து, எதிர்த்திசையில் பெருஞ்சாதனை புரிந்தவர். 1938 ஜனவரியில் அவருடைய அரங்கை அரசு மூடியது. பழக்கமானவர்களும் பார்த்தும் பாராதது போல் விலகிய நேரத்தில், நோயுற்ற முதிய ஆசிரியர் அவரை அழைத்துத் தம் இசைநாடக அரங்கில் பணி தந்தார். கொள்கையில் மாறுபட்ட மாணவனின் படைப்பாற்றலை மதித்த அச்செயல், அவர் எழுதிய எந்த நூலுக்கும் குறைந்ததன்று. 1938 ஆகஸ்ட் 7 அன்று ஸ்தனிஸ்லாவ்ஸ்கி மறைந்தார். மறு ஆண்டு மேயர்ஹோல்ட் கைது செய்யப்பட்டு, 1940 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவருடைய கடைசி ஒத்திகை மோலியேரின் ‘தார்த்தூஃப்’ நாடகத்துக்கு நடந்தது. அனுபவம் மிக்க நடிகர்கள் அவர் வீட்டில் கூடினர். நாடகத்தை மேடையேற்றுவது தம் நோக்கமன்று, தாம் கற்றதை ஒப்படைத்துச் செல்வதே நோக்கம் என்று அவர்களிடம் தெளிவாகக் கூறியே தொடங்கினார். அவர் மறைந்தபின் 1939-இல் நடிகர்கள் அதனை அரங்கேற்றினர்.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றை அன்பர்கள் முன் வைத்ததற்குக் காரணம் ஒன்றே. படைப்பாளியின் வளர்ச்சி என்பது படிக்கட்டில் ஏறுவது போன்றதன்று. ஏறியபின், நின்ற படி உளுத்துவிட்டதா என்று குனிந்து பார்க்கும் துணிவே வளர்ச்சி. 1877-இல் சிறுவனின் குறிப்பேடு, 1906-இல் நடிகரின் பாறை, 1917-இல் ஆசானின் கண்ணீர், முதுமையில் கோஸ்த்யா என்னும் பெயர் ஆகிய நான்கும் ஒரே செயலின் நான்கு பருவங்கள்.

சங்கங்களுக்கும் இது பொருந்தும். கலை இலக்கியச் சங்கம் தன் பத்தாம் ஆண்டில் வெற்றிகளை எண்ணிக்கொண்டு அமர்ந்திருந்தால் கலை அரங்கு பிறந்திராது. நம் வட்டமும் பத்தாண்டுகளில் பல கவியரங்குகளைக் கண்டது. பல தொகுப்புகளை மகிழ்ந்து வரவேற்றது. பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தில், கைத்தட்டல் பெற்ற பாடலை மீண்டும் படிப்பதற்கு மாறாக, இன்னும் முடிவுறாத, நமக்கே ஐயமுள்ள ஒரு பாடலை ஒவ்வொருவரும் கொண்டுவந்து படிப்போமாயின், அதுவே இம்மலருக்கு நாம் செய்யும் சிறப்பாகும். நான் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.